கணக்குத் தாளைப் படமாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் மீனவர் சங்கத்தின் படகுவாரிக் கணக்கை எக்செல் கோப்பாக அனுப்பினால், உறுப்பினர்களின் கைப்பேசியில் கட்டங்கள் கலைந்து தெரிகின்றன. அதைப் படமாக மாற்ற இயலுமா?
– வாசகர், பாம்பன்

பதில்: இயலும். வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ‘ஹோம்’ பட்டியில் ‘காப்பி’ பொத்தானை அடுத்துள்ள அம்புக்குறியின் கீழ் இருக்கும் ‘காப்பி ஆஸ் பிக்சர்’ என்பதைச் சொடுக்கி, பெயிண்ட் செயலியில் ஒட்டிச் சேமியுங்கள். அப்போது பி.என்.ஜி. (PNG) என்ற பட வடிவத்தையே தேர்ந்தெடுக்குமாறு வேண்டுகிறேன். ஜேபெக் (JPEG) என்ற மற்றொரு வடிவம் ஒளிப்படங்களுக்கு ஏற்றதே தவிர, அதன் சுருக்கமுறை எழுத்துகளின் ஓரங்களை மங்கச் செய்வதால், 3 எது, 8 எது என்று தெரியாமல், கடலுக்குப் போய் உழைத்தவரின் பங்குத்தொகையே தவறாகப் படிக்கப்படலாம். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. படத்தில் கூட்டல் சூத்திரங்கள் தங்காதாகையால், மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள்.