டிஸ்டோப்பியா கதைகள் ஏன் தீவுகளில் நடக்கின்றன? நிஜத்தில் அப்படியொரு தீவு உண்டா?

வெளியே ஒழுங்காகத் தெரிந்தாலும், உள்ளே வாழ்பவருக்கு மூச்சுமுட்டும் சமூகமே டிஸ்டோப்பியா. அதற்குத் தீவு வாகாக அமையக் காரணம், அங்கே சோறு, தண்ணீர், செய்தி, ஆள் எல்லாம் படகுத்துறை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஒற்றை வாசல் உள்ள விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள்: சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் வைத்ததுதான் சட்டம்.

நிஜத்தில், ஜப்பானின் நாகசாகிக்கு அருகே உள்ள ஹாஷிமாவைப் பாருங்கள். நீளம் சுமார் 480 மீட்டர், அகலம் 160 மீட்டர், அவ்வளவுதான். கடலடி நிலக்கரிக்காக மிட்சுபிஷி அதை 1890இல் வாங்கியது. 1916இலேயே அடுக்குமாடிக் கான்கிரீட் குடியிருப்பு எழுந்தது. 1959இல் 5,259 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 1957இல் கடலடிக் குழாய் வரும்வரை குடிநீரும் கப்பலில்தான் வந்தது. புயல் அடித்தால் கப்பல் நெருங்க முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கினார்கள். இன்று ஆளில்லாமல் கிடக்கும் அந்தத் தீவின் இடிபாடுகளை, இதைச் சொல்லாமல் அழகாக மட்டும் காட்டுவது அநியாயம்.

ஏதோ பேரழிவால் தீவு காலியானது என்று நினைத்துவிட வேண்டாம்: நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடித்தது, 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள், ஏப்ரலுக்குள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.