ராம்தேவ் யோகா மாஸ்டரா, அரசியல்வாதியா?

மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்ற ராம்தேவுக்கு அரசியல் எதுக்குன்னு கேட்டிருக்கீங்க. காலைல டிவில கபாலபாதி, அனுலோம் விலோம்னு மூச்சுப் பயிற்சிகள சொல்லிக் குடுத்துதான் அவரு வீடு வீடா போய்ச் சேர்ந்தாரு, அந்தக் கூட்டத்த வச்சுத்தான் 2011 ஜூன்ல டெல்லி ராம்லீலா மைதானத்துல கறுப்புப் பணத்த மீட்கணும்னு உண்ணாவிரதம் உக்காந்தாரு, போலீஸ் ராத்திரியோட ராத்திரியா வந்து கலைச்சிருச்சு. 2014 தேர்தல்ல மோடிக்கு ஆதரவு குடுத்தாரு. கறுப்புப் பணத்த மீட்கணும்ங்கற கோரிக்கை நியாயமானதுதான், ஆனா மூச்சாலயே எல்லா நோயும் போயிரும்ங்கறத நான் ஏத்துக்க மாட்டேன். சிங்கப்பூர் தேக்கா பக்கம் எங்க புளோக் வாய்ட் டெக்ல, அதான் அடுக்குமாடிக்குக் கீழ இருக்கற காலி எடத்துல, காலைல பாய் விரிச்சு நாங்களும் செய்யறோம், கபாலபாதில வயித்த வெடுக்குனு உள்ள இழுத்து மூச்ச வெளிய தள்றதுதான் வேலை, உள்ள வர்றது தானா வரும். பிபி இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க அத செய்யாதீங்க, மொதல்ல பாலிகிளினிக்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க.