ஆபரேஷனுக்கு முன்னால் ரேடியேஷன் எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று சொல்லி எட்டு மாதம் களிம்பு போட்டோம். இப்போது மலக்குடலில், கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யாமல் ரேடியேஷன், கீமோ என்று மாதக்கணக்கில் ஆகுமாம். தெரிந்தவர் ஒருவர், வேறு இடத்தில் அடுத்த வாரமே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். போகலாமா? மலம் சேர வயிற்றில் வைக்கும் பை ஆயுளுக்கும் இருக்குமா?

பதில்: போக வேண்டாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பார்க்காமலே தேதி சொல்கிறவர் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் சேர்க்கிறவர்தான்.

பெருங்குடலில் கட்டி என்றால் பொதுவாக முதலில் ஆபரேஷன். மலக்குடல் அப்படியல்ல. இடுப்பெலும்புக்குள் இடுக்கான இடம் அது. கட்டி குடல் சுவரைத் தாண்டியிருக்கும்போது அவசரப்பட்டு வெட்டினால் ஓரத்தில் கொஞ்சம் தங்கி, அதே இடத்தில் மறுபடி வளரும். ரேடியேஷன் அதைச் சுருக்குகிறது. 5 நாளில் முடிவதும் உண்டு, ஐந்தாறு வாரம் போவதும் உண்டு. முடிந்த பிறகும் கட்டி சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் மேலும் சில வாரம் காத்திருக்கிறோம்.

இந்த இடைவெளியில்தான் 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று சொல்லிக்கொண்டு பொடி, லேகியம் விற்பவர்கள் வருவார்கள். கத்தி பட்டுப் பரவுவதில்லை, விட்டுவைத்தால்தான் பரவும். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அது ஈரலைக் கெடுத்துவிட்டால் கீமோவைத் தள்ளிப்போட வேண்டிவரும். தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த எட்டு மாதத்தை நினைத்துத்தான். கீழ்ப்பகுதிக் கட்டி பெரும்பாலும் விரலுக்கே தட்டுப்படும். கையுறை போட்டு ஒரு நிமிடம் சோதிக்க நேரமில்லாமல் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் எப்போதுதான் ஒழியுமோ! அப்புறம் ரிப்போர்ட் ஒரு மேஜை, ஸ்கேன் இன்னொரு மேஜை என்று நோயாளியே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரேடியேஷன் தொடங்கும் முன், பயாப்சி சதையில் 'எம்.எம்.ஆர்.' பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். செல்லில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது அது. எடுத்த சதையிலேயே பார்க்கலாம், மறுபடி குத்த வேண்டாம். மலக்குடல் புற்றுநோயில் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு அந்தப் புரதம் இருக்காது. அவர்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை ஆறு மாதம் முடித்த 12 பேருக்கும் கட்டி மறைந்துபோனது; ரேடியேஷனும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. உங்கள் கணவர் அந்தச் சிலரில் ஒருவராக இல்லாமலும் போகலாம். ஆனாலும் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் செய்யவே மாட்டார்கள்.

பை விஷயம்: கட்டி ஆசனவாயின் சுருக்குத் தசையையே பிடித்திருந்தால் நிரந்தரப் பை. தசை தப்பியிருந்தால், தையல் ஆறும்வரை தற்காலிகப் பை; சில மாதத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு கொஞ்ச காலம் ஒரு நாளில் பலமுறை மலம் கழிக்க ஓட வேண்டியிருக்கும். பயப்படாதீர்கள், பலருக்கு மெல்ல மெல்லக் குறையும். எந்தப் பையானாலும், ஆபரேஷனுக்கு முன்பே அவரை உட்காரவைத்து, குனியவைத்து, வயிற்றில் மடிப்பு விழாத, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். இடம் தவறினால் பை ஒட்டாமல் தினமும் ஒழுகும்.

அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளில் 40 வயதைத் தாண்டியவர்கள் இப்போதே கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு 40-இல் தொடங்கினால் போதும்; எம்.எம்.ஆர். பரிசோதனையில் அந்தப் புரதம் இல்லை என்று வந்தால் இன்னும் முன்னதாகவே தேவைப்படலாம், அப்போது மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.