கூடுதலாகச் சாப்பிட்டதற்கு மறுநாள் பட்டினி எதற்கு?

கேள்வி: வாரம் முழுக்க உணவுக் கட்டுப்பாட்டைச் சரியாகக் கடைப்பிடிக்கிறேன். ஒரு விருந்தில் இரண்டு துண்டு கேக் சாப்பிட்டால் போதும், 'எல்லாம் போச்சு' என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் அன்று இரவுவரை கண்டதையும் தின்கிறேன். மறுநாள் குற்ற உணர்ச்சியில் பட்டினி கிடக்கிறேன். இதை எப்படி விடுவது?

பதில்: முதலில் அந்தப் பட்டினியை விடுங்கள். கேக்கைவிட உங்களுக்குக் கெடுதல் செய்வது அதுதான்.

'எல்லாம் போச்சு' என்ற நினைப்பு உங்களுக்கு மட்டும் வருவதல்ல. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். எப்போதும் வாயைக் கட்டி வாழ்பவர்களில், மில்க்‌ஷேக் குடிக்காதவர்களைவிடக் குடித்தவர்களே ஐஸ்கிரீமை அதிகம் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தபின்னும் சாப்பிட வைத்தது பசியல்ல. விதி உடைந்துவிட்டது, இனி என்ன என்ற எண்ணம்தான்.

அப்படியானால் நம்மை நாமே திட்டிக்கொண்டால் அடங்குமா? 2007இல் வந்த இன்னோர் ஆய்வில் டோனட் சாப்பிட்ட பெண்கள் சிலரிடம், "எல்லோரும் சாப்பிடுவதுதான், உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்" என்றார்கள். கட்டுப்பாட்டுக்காரர்களில் இதைக் கேட்டவர்கள், அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாகவே எடுத்தார்கள். தன்னை மன்னித்தால் கட்டுப்பாடு தளர்ந்துவிடும் என்று பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மறுநாள் எடை பார்க்கும் வேலையும் வேண்டாம். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் தங்குகிறது; உப்பும் நீரைப் பிடித்துவைக்கும். தராசு காட்டும் ஏற்றத்தில் பெரும்பகுதி இதுதான், கொழுப்பு அல்ல.

இனி கூடுதலாகச் சாப்பிட்டால், அடுத்த வேளை உணவை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் சாப்பிடுங்கள். ஈடுகட்டக் குறைக்கவும் வேண்டாம், கூடுதல் உடற்பயிற்சியும் வேண்டாம். குற்ற உணர்ச்சி உடனே போகாது. இருக்கட்டும், அது சொல்வதைச் செய்யாமல் இருந்தால் போதும். நீங்கள் அறவே ஒதுக்கிவைத்திருக்கும் உணவு ஏதாவது இருந்தால், கடும்பசி இல்லாத நேரத்தில், தட்டில் போட்டு, உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுப் பழகுங்கள். மருத்துவக் காரணத்துக்காக விலக்கிய உணவு மட்டும் வேறு கணக்கு. அதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

கட்டுமீறிச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது என்று மூன்று மாதம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது என்று போயிருந்தால் மூன்று மாதம் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.