பின் ஷொக் அமிழ்வதற்காகச் சைக்கிளை விற்க வேண்டாம்

வணக்கம். 100 மில்லிமீற்றர் அசையும் சஸ்பென்ஷன் கொண்ட உங்கள் குறொஸ்கன்றிச் சைக்கிள் (கரடுமுரடான பாதைப் போட்டிக்கான சைக்கிள்) மிதிக்கும்போதெல்லாம் பின்னால் அமிழ்வதாகவும், நுவரெலியாவில் போட்டியிடுவதற்கு முன் அதை விற்று, பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஹார்ட்டெயில் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள், முதலில் பின் ஷொக்கின், அதாவது பின்பக்க அதிர்வைத் தாங்கும் காற்று உருளையின், அழுத்தத்தைப் பாருங்கள்.

போட்டி உடை, தலைக்கவசம், நிரம்பிய தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றுடன் இருக்கையில் அமர்ந்து, பின் ஷொக்கின் தண்டிலுள்ள ரப்பர் வளையத்தைச் சீல் (தண்டு உருளைக்குள் நுழையும் இடத்திலுள்ள அடைப்பு) வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். தண்டின் முழு அசைவு 45 மில்லிமீற்றர் என்றால், வளையம் 9 முதல் 11 மில்லிமீற்றர் வரையே, அதாவது 20 முதல் 25 வீதம் வரையே நகர்ந்திருக்க வேண்டும். கூடினால் காற்றுப் போதாது. ரயர் பம் இதற்கு உதவாது, ஷொக் பம்தான் வேண்டும். இடையிடையே இருக்கையை அமுக்கிவிட்டு, சிறிது சிறிதாக அடியுங்கள். ஓரிரு நாளில் காற்று மீண்டும் இறங்கினால் சீலை மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தார் வீதிகளில் ஷொக்கை அசையாதபடி பூட்டி ஓடலாம். மணற்காட்டுப் பக்கம் போகும்போது திறந்தே ஓடிப் பழகுங்கள், ஏனெனில் போட்டியில் கல்லும் வேரும் நிறைந்த ஏற்றம் வந்தால், அங்கே பின்சில்லு நிலத்தை விடாமல் பற்றுவதே இந்தச் சைக்கிளின் உண்மையான பலம். கடற்கரையில் ஓடினால், அன்றே நன்னீரால் மெதுவாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். உப்பு மூட்டுகளிலுள்ள பெயாரிங்குகளை அரித்துவிடும்.