பொன்சாய்க்கு எந்த எல்ம்? – கேள்வி பதில்

கல்லடி வாசகி: பொன்சாயாக (தொட்டியில் குறுமரமாக) வளர்க்க, சீன எல்ம் மரம் என்று சொல்லித் தந்த கன்று உண்மையில் எல்ம்தானா என்று எப்படி அறிவது?

இலையின் அளவை நம்ப வேண்டாம். தொட்டியில் வளரும் பல செடிகளின் இலைகள் சிறுத்துவிடும். இலையைப் புரட்டி, அது காம்போடு சேரும் இடத்தைக் கவனியுங்கள். நடுநரம்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று மேலே தொடங்கி, அடிப்பகுதி கோணலாக இருக்கும். ஓரம் நெடுகச் சிறு பற்கள் இருக்கும். இலைகள் கிளையில் மாறி மாறி அமைந்திருக்கும். மரம் முதிரும்போது பட்டை செதில் செதிலாக உரிந்து, அடியில் செம்மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அது சீன எல்ம் என்பது ஏறக்குறைய உறுதி. இலை மினுமினுத்து, நுனியில் மட்டும் பற்கள் இருந்து, வெள்ளைப் பூவும் வந்தால், அது ஃபூஜியன் தேயிலை எனப்படும் வேறு செடி.

காத்தான்குடி வாசகர்: சைபீரிய எல்மும் ஜெல்கோவாவும் இங்கே வளருமா?

ஜெல்கோவா எல்ம் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் வேறு பேரினம். அதன் இலையடி ஏறக்குறைய சமமாக இருக்கும். சைபீரிய எல்ம் வசந்தத்தில் இலைக்கு முன்பே பூக்கும். சீன எல்மோ இலையுதிர் காலத்தில் பூக்கும். முதலிரண்டுக்கும் குளிர்கால உறக்கம் தேவைப்படுவதால் மட்டக்களப்புக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன். குளிரில்லாத இடத்தில் இலையை வைத்துக்கொண்டே வளரக்கூடியது சீன எல்ம்தான். அதிலும் இயல்பாகவே சிற்றிலை கொண்ட 'கட்லின்', தக்கை போன்ற பட்டையுடைய 'சீஜு' ஆகிய வகைகள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆரையம்பதி வாசகர்: கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இலையோரம் கருகுகிறது. கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறேன்.

காற்று, உப்பு இரண்டுமே காரணமாகலாம். தொட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள்; வெண்மையான பொருக்கு ஒட்டினால் நீரிலுள்ள உப்புகள் படிகின்றன என்று பொருள். வாவிக்கரைக் கிணறுகள் பலவற்றில் கோடையில் நீர் உவர்ப்பது தங்களுக்குத் தெரியாததன்று. மாரியில் பீப்பாயில் சேர்த்து மூடிவைத்த மழைநீரை இக்காலத்தில் இடையிடையே, துளை வழியே நன்கு வழியும்வரை ஊற்றினால் அந்த உப்பு கழுவுண்டு போகும். தொட்டியைக் கச்சான் நேரே படாத சுவரோரத்தில், பிற்பகல் நிழலில் வையுங்கள். சலித்த செங்கல் துண்டும் பருமனான ஆற்று மணலும் கூடுதலாக, நன்கு கழுவிய தும்புத்தூள் கொஞ்சமாகச் சேர்த்த கலவை போதும். கடல் மணல் கூடவே கூடாது.

அக்கரைப்பற்று வாசகர்: கிளை வெட்டுவது எப்படி?

தளிர் ஆறேழு இலை விட்டதும் அடியில் இரண்டு இலையை மட்டும் மிச்சம் வைத்து வெட்டுங்கள்.

சம்மாந்துறை வாசகர்: நம் காட்டில் எல்ம் உண்டா?

இந்திய எல்ம் எனப்படும் மரம் இலங்கையின் உலர் வலயத்தில் உண்டு. ஆனால் வளர்ந்த மரத்தின் இலை பெரியது, ஓரத்தில் பல்லில்லாதது, கசக்கினால் நாறும். உள்ளூர் மரந்தான் வேண்டுமென்றால், எல்ம் இனமன்று எனினும், சொரசொரப்பான சிற்றிலை கொண்ட பராயை வளர்த்துப் பாருங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும்.