நேற்று நில அதிர்வை உணர்ந்தேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். நிலநடுக்கமே வராத பகுதியில் இப்படி நடக்குமா? பயப்பட வேண்டுமா?

உங்களுக்குப் பிரமையாக இருக்க வாய்ப்பு குறைவு. கதவு கடகடத்தது, நாற்காலி ஒரு பக்கமாக நகர்ந்த மாதிரி இருந்தது, சில விநாடிகளில் நின்றுவிட்டது என்கிறீர்கள். மூன்றும் எனக்கு நடந்தவை. வீட்டில் யார் சிரித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த நேரத்தில் நடந்துகொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ இருந்தவராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டில் அது என் கணவர்.

நான் புவியியல் படித்தவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள். 'ஜப்பானில் இதற்கெல்லாம் புரண்டுகூடப் படுக்க மாட்டார்கள்' என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு. தெரியும். நான் ஜப்பானில் இல்லை. பிறந்ததிலிருந்து அசையாத தரை அசைந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்தாவது மாடி. மத்தியான நேரம், மேசையில் ரசீதுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியிலிருந்து 'தும்' என்று ஒன்று வந்தது. காதில் கேட்டதா உடம்பில் உணர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கீழே பெரிய லாரி போகிறது என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் நாற்காலி பக்கவாட்டில் ஆடியது. பீரோவின் கைப்பிடி தானாக அடித்துக்கொண்டது. அணைத்து வைத்திருந்த மின்விசிறி ஊசலாடியது. பாட்டிலில் தண்ணீர் நடுங்கியது. எழுந்து ஓட வேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை, அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் படுத்திருந்த மாமியார், "யாரும்மா கட்டில இடிக்கறது?" என்றார். அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதுவரை என் தலைதான் சுற்றுகிறது என்று பாதி நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் 'தும்' வேறு, பின்னால் வந்த ஆட்டம் வேறு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் வருவது முதன்மை அலை. பூமியின் மேலோட்டில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பக்கவாட்டில் ஆட்டும் இரண்டாம் அலைக்கு வேகம் குறைவு, விநாடிக்கு 3.5 கிலோமீட்டர் அளவுதான், ஆனால் ஆட்டம் அதில்தான் அதிகம். இரண்டுக்கும் இடையில் உள்ள நேரத்தை வைத்தே அதிர்வு எவ்வளவு தூரத்தில் தொடங்கியது என்று கணக்குப் போடுகிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அரை மணி கழித்து இவர் பைக்கில் வந்து இறங்கினார். சொன்னேன். "காலையில சரியா சாப்பிட்டியா? தலை சுத்தியிருக்கும்" என்றார். மாமியார் எனக்காகப் பேச வந்தார். "அம்மா, நீ தூங்கிட்டு இருந்திருப்ப, கனவா இருக்கும்" என்று அவரையும் அடக்கினார். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினார். கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. "பாத்தியா!" என்று ஒரு வெற்றிப் பார்வை. இவர் பேசிய பேச்சுக்கு யாருக்குத்தான் கூடாது?

சாயங்காலம் செய்தியில் வந்துவிட்டது. நான்கை ஒட்டிய அளவில் சிறிய நிலநடுக்கம், சேதம் எதுவும் இல்லை. எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. ஆனால் அன்று இரவு இவர் நண்பரிடம் போனில், "ஆமாம்ப்பா, நானும் லேசா ஃபீல் பண்ணேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாரே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

இதில் ஆறுதல் என்னவென்றால், நம்மை மாதிரி ஆட்களுக்கு அறிவியலிலேயே இடம் இருக்கிறது. நிலநடுக்கத்தை ரிக்டர் எண்ணால் மட்டும் அளப்பதில்லை. ஓர் இடத்தில் அது எப்படி உணரப்பட்டது என்பதற்குத் தனியாக மெர்காலி அளவுகோல் உண்டு. அதன் இரண்டாம் படியில் அதிர்வை உணர்கிறவர்கள் மிகச் சிலர், அதுவும் மேல்மாடிகளில் அசையாமல் இருப்பவர்கள். மூன்றாம் படியில் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும், ஆனால் பலருக்கு அது நிலநடுக்கம் என்று பிடிபடாது. அந்தப் படிக்கு எழுதி வைத்திருக்கும் விவரிப்பிலேயே 'லாரி கடந்து போவது போன்ற அதிர்வு' என்று இருக்கிறது. ஆக, ஐந்தாம் மாடியில் உட்கார்ந்திருந்த நானும் படுத்திருந்த மாமியாரும் உணர்ந்ததும், பைக்கில் வந்தவர் உணராததும் வெகு இயல்பு. இதை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டே நாளில் காணாமல் போய்விட்டது.

பயம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ரிக்டர் எண்ணில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். நான்குக்கும் ஆறுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு. அதனால் நான்கு அளவில் ஒன்று வந்தால் பெரும்பாலும் பாத்திரம் பண்டம் கடகடப்பதோடு போய்விடும். நிலநடுக்கம் அரிதான பகுதிகளின் அடியில் இருப்பது பழைய, குளிர்ந்த, அதிகம் உடையாத பாறை. அலை அதில் வலுவிழக்காமல் வெகுதூரம் போகும். அமெரிக்காவில் 2011 ஆகஸ்ட் 23 அன்று வர்ஜீனியாவில் 5.8 அளவில் வந்தது கனடா வரை தெரிந்தது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விழுந்து, 2014 மே வரை அதை மூடி வைத்திருந்தார்கள். நீங்கள் உணர்ந்ததும் எங்கோ தொலைவில் தொடங்கியதாக இருக்கலாம்.

அதற்காக 'இங்கெல்லாம் பெரிசா வராது' என்று மார்தட்டுகிறவர்களை நம்பச் சொல்லவில்லை. அதிகம் ஆபத்தில்லாத இடம் என்று கருதப்பட்ட, மகாராஷ்டிராவின் லாத்தூர் பகுதியில் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் வந்தது ஏறக்குறைய 10,000 உயிர்களைக் கொண்டுபோனது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்ததுதான் காரணம். கட்டடம் எப்படி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பயமுறுத்துகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

அப்புறம் வாட்ஸ்அப். எங்கள் குடியிருப்புக் குழுவில் அன்று இரவே, 'அதிகாலை இரண்டு மணிக்குப் பெரிய அதிர்வு வரும், விஞ்ஞானிகள் எச்சரிக்கை' என்று ஒன்று வந்தது. பாதிப் பேர் பாயோடு கீழே இறங்கிவிட்டார்கள். நாளும் மணியும் குறித்துச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது. கலிஃபோர்னியாவில் பார்க்ஃபீல்டு என்று ஓர் இடம். ஓரளவு சீரான இடைவெளியில் அங்கே அதிர்வு வந்துகொண்டிருந்ததால், அடுத்தது 1993-க்குள் வந்துவிடும் என்று கணித்து, கருவிகளைப் புதைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004-ல். அவர்களுக்கே அப்படி! சின்னதாக ஓரிரு பின்னதிர்வு வரலாம், பெரும்பாலும் அது உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உங்களுடையது உண்மையில் நிலநடுக்கம்தானா என்று உறுதியாக என்னால் சொல்ல முடியாது, பக்கத்தில் பாறைக்கு வெடி வைத்தாலும் கதவு ஆடும். மணியையும் மாடியையும் குறித்து அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் தளத்திலோ ஐரோப்பிய மத்தியதரைக்கடல் நில அதிர்வு மையத்தின் செயலியிலோ பதிந்து வையுங்கள். எந்த நாட்டிலிருந்தும் பதியலாம். இந்த இரண்டாவது மையம், தன் தளத்துக்குத் திடீரென்று ஆட்கள் குவிவதை வைத்தே எங்கோ அதிர்ந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுமாம். நம்மைப் போலப் பதறிப்போய்த் தேடுகிறவர்களால் ஆகிற உபகாரம் அது.

மறுபடி வந்தால் மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்கு ஓட வேண்டாம், லிஃப்ட் கூடவே கூடாது. பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுங்கள். தலைமாட்டுக்கு மேல் இருக்கும் கனமான படத்தைக் கழற்றுங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. எங்கள் மேல்வீட்டுக்காரர் ராத்திரி பதினொன்றுக்குமேல் நாற்காலிகளைத் தரையில் இழுப்பார். வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தாயிற்று. அந்த அதிர்வுக்குப் பிறகு எப்போது கேட்டாலும், "நிலநடுக்கமா இருக்கும் மேடம்" என்று சிரிக்கிறார். ஆபத்து வந்தால் எல்லோரும் கூடுவதற்கென்று கட்டட வரைபடத்தில் கீழே ஒரு திறந்த இடம் உண்டு. அவருடைய இரண்டாவது கார் இப்போது அங்கேதான் நிற்கிறது. சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், 'பரிசீலனையில்' என்று பதில் வந்திருக்கிறது.